யார் வீட்டுப் பிள்ளை?

தங்கச்சிமடம்
ஞாயிறு மாலை

அன்பு மகளே,

நீ கூரியரில் அனுப்பிய கட்டு வந்து பத்து நாள் ஆகிறது. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அப்பா வீட்டில்தான் இருக்கிறார். பகலில் வலை பொத்துவார், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் உன் நாவலைச் சத்தமாக வாசிப்பார். நான் பென்சிலோடு உட்கார்ந்திருப்பேன். நேற்றுதான் முடித்தோம்.

முதல் பதினைந்து அத்தியாயமும் பிடித்திருந்தது, பெற்றவள் என்பதற்காகச் சொல்லவில்லை. சென்னையில் ஓ.எம்.ஆர். பக்கம் ராத்திரி ஷிப்டில் வேலை பார்க்கும் ரத்தக் காட்டேரி, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிவிட்டுப் பகலெல்லாம் தூங்குகிறான், எதிர்வீட்டுக்காரருக்கு அவன் பெயர்கூடத் தெரியாது. இதில் நம்ப முடியாதது என்ன இருக்கிறது? போன வருஷம் உன் அறைக்கு வந்தபோது அந்தக் கறுப்புத் துணியை நானே பார்த்தேனே. ப்ரிட்ஜில் ஒரு எலுமிச்சம்பழமும் அரைப் பாக்கெட் பாலும் இருந்தன. (ஒழுங்காகச் சாப்பிடு. காட்டேரிகூட வேளைக்கு ஏதோ குடிக்கிறான்.) சாலையை அகலப்படுத்தப் புளியமரத்தை வெட்டிவிட்டதால் அபார்ட்மென்ட் செக்யூரிட்டியாகச் சேர்ந்த முனியை நினைத்து நினைத்து அப்பா சிரிக்கிறார்.

பதினாறில்தான் இடிக்கிறது.

1964 டிசம்பர் 22 ராத்திரி, தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனபோது அதில் இருந்தவன் உன் ஆள். அறுபது வருஷம் கழித்து, அதே பத்தொன்பது வயது முகத்தோடு நம் ஊருக்குத் திரும்பி வருகிறான். ரயிலில் வராமல் பஸ்ஸில் வருகிறான், அது சரி, அவன் எப்படி அந்தத் தண்டவாளத்தின் மேல் உட்காருவான்? ஆனால் தெருவில் வீடு பிடித்து மூன்று மாதம் இருக்கிறான், யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை என்கிறாய். மூன்று மாதமா? பஸ்ஸை விட்டு இறங்கி டீ ஆறுவதற்குள், “தம்பி எந்த ஊரு? யார் வீட்டுக்கு வந்திருக்கீக?” என்று கேட்டுவிடுவார்கள். அடுத்து அப்பா பெயர். அப்புறம் எந்தப் படகு, எந்தக் கோயில் பங்கு. விளக்கு வைப்பதற்குள் அவன் ஜாதகமே தெருவுக்கு வந்துவிடும். மெட்ராஸில் ஒளிந்திருக்க முடிகிறது என்றால் அங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை, அவ்வளவுதான். இங்கே ஒளிய வேண்டுமானால் பதில் தயாராக இருக்க வேண்டும்.

பழையனூர் நீலி கதை ஞாபகம் இருக்கிறதா? சத்துணவுக் கூடத்தில் அடுப்பில் சோறு வேகும் வரை பிள்ளைகளுக்கு நான் சொல்வேனே, நீயும் கேட்டிருக்கிறாய். கள்ளிக் கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, ஒரு வியாபாரியைக் காட்டி, “இவர்தான் என் புருஷன்” என்றாள். அந்த வியாபாரி இல்லை இல்லை என்று கதறினான். ஊரில் எழுபது வேளாளர் உட்கார்ந்து விசாரித்தார்கள். கேட்காமல் இருந்து ஏமாறவில்லை, கேட்டுத்தான் ஏமாந்தார்கள், எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று சொல்லி, அவன் கையில் இருந்த கத்தியையும் வாங்கி வைத்துவிட்டு அவனை அவளோடு அனுப்பினார்கள். அவள் அவனைக் கொன்ற பிறகு, சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள். மனுஷ வேஷத்தில் வந்த பேய் என்றால் அது. உன் ஆளுக்கோ கேள்வியே வரவில்லை, பதிலுக்கு எங்கே போவான்?

இன்னொன்று. இரண்டாம் அத்தியாயத்தில் அவனுடைய இடது காது மடலில் மீன்முள் கிழித்த தழும்பு என்று எழுதியிருக்கிறாய். வாசித்துக்கொண்டு வந்த அப்பா அந்த இடத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான், “வாசிங்க” என்றேன்.

அது உன் அம்மாச்சியின் தம்பியுடைய காது. அந்த ராத்திரி போனவர், உடம்பு கிடைக்கவில்லை. புயலுக்குப் பிறகு ஆள் வாழத் தகுதியில்லாத இடம் என்று தனுஷ்கோடியை அரசாங்கம் அறிவித்துவிட்டது, மிச்சம் இருந்தவர்கள் இங்கே வந்து குடிசை போட்டார்கள். சாகும் வரைக்கும், தெருவில் புது ஆண்பிள்ளை யார் வந்தாலும் அம்மாச்சி முதலில் இடது காதைத்தான் பார்க்கும். முகம் மாறியிருக்கும், காது மாறாது என்று ஒரு கணக்கு. “வந்தான்னா முதல்ல ஓங்கி ஒரு அறை, மத்ததெல்லாம் அப்புறம்” என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

நீ அந்தக் காதை எடுத்ததில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் எடுத்தால் அதைப் பார்க்கிறவளையும் சேர்த்து எடு. உன் பதினாறாம் அத்தியாயத்தில் தெரு முழுக்க வீடு இருக்கிறது, திண்ணை இருக்கிறது, திண்ணையில் ஒரு கிழவி இல்லை. அவளை உட்கார வை. அறை விழட்டும். ரத்தம் குடிக்கிறவன் அதற்கு என்ன செய்வான் என்று எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். வெயில் பட்டால் எரிந்துபோவான் என்கிறாய். ஓலைக் கொட்டகைகூட இல்லாத தனுஷ்கோடி மணலில் அவனை எங்கே நடக்க விடுவாய்? உன் தம்பி செல்லில் தேடிச் சொன்னான்: 1897-ல் அயர்லாந்துக்காரர் எழுதிய நாவலில் வரும் காட்டேரி லண்டனில் பகலிலேயே நடமாடுகிறதாம், பகலில் சக்தி குறைவு, அவ்வளவுதான். வெயில் கொல்லும் என்பது 1922-ல் வந்த ஒரு ஜெர்மன் ஊமைப்படத்தில் இருந்து ஒட்டிக்கொண்டதாம். அப்படியானால் அதை விட்டுவிடலாமே. அதே பழைய நாவலில் இன்னொரு விதி இருக்கிறதாம், ஓடும் தண்ணீரைக் காட்டேரி நினைத்த நேரத்தில் தாண்ட முடியாது, கடல் ஏறும்போதோ அசையாமல் நிற்கும்போதோதான் தாண்டும். நீ இதைத் தொடவே இல்லை. நம் ராமேஸ்வரம் தீவுக்கு வர அவன் தாண்ட வேண்டிய பாம்பன் கால்வாயில் நீரோட்டம் எப்படி இழுக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்திக் கடலை வேடிக்கை பார்க்கிறவர்கள் எப்போதும் உண்டு. அவர்களோடு அவனும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் நிற்கட்டும் என்று காத்திருக்கட்டும்.

சிலுவையைக் கண்டால் ஓடுவான் என்பதும் இங்கே செல்லாது. படகு அணியத்தில் சிலுவை, வாசல் நிலையில் சிலுவை, கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியக் கயிறு. ஓட ஆரம்பித்தால் அக்கரையில் மண்டபம் ஊரையும் தாண்டித்தான் நிற்பான். அவனும் ஞானஸ்நானம் வாங்கியவன்தானே, வேறு ஏதாவது யோசி.

வீட்டுக்காரர் கூப்பிடாமல் உள்ளே வர முடியாது என்ற விதிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் அதையும் சென்னைக்கு மட்டுமே யோசித்திருக்கிறாய். நம் வாசலில் யார் நின்றாலும், கடன் கேட்க வந்தவராக இருந்தாலும், வாய் தானாக “வாங்க” என்றுதான் சொல்லும். போகிறவரும் “போறேன்” என்று சொல்வதில்லை, “போயிட்டு வர்றேன்” என்கிறார். நாமும் “போயிட்டு வாங்க” என்கிறோம். ஆக, ஒரு தடவை உள்ளே வந்துவிட்டால் அடுத்த தடவைக்கும் சேர்த்து அழைப்பு வாங்கிக்கொண்டுதான் காட்டேரி வெளியே போகிறது. இதை எங்கேயாவது வைத்துக்கொள்.

பென்சில் குறித்த தாள்களை நாளை ராத்திரி பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். கூடவே நெத்திலிக் கருவாடு இருக்கிறது. அறையில் வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார். கேட்கட்டும், பேர் தெரிந்துகொள்ள ஒரு சாக்கு.

உன் அம்மா

பி.கு.: 212-ஆம் பக்கத்தில் மே மாதம் விசைப்படகு கடலுக்குப் போகிறது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகு போகக் கூடாது. காட்டேரியை நம்பினேன், இதை நம்ப முடியவில்லை என்கிறார் அப்பா.