சிறு கணினியை இசைப்பெட்டியாக்குவோர் கவனிக்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒற்றைப் பலகைக் கணினிகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். ராஸ்பெரி பை போன்ற உள்ளங்கையளவுக் கணினியை வீட்டில் பாட்டுக் கேட்பதற்கான கருவியாக மாற்றிக்கொள்ளலாம் என்று அதில் ஒரு பத்தி இருந்தது. அந்த யோசனையை முழுமனத்துடன் வரவேற்கிறேன். ஆனால், அதற்குச் சந்தையில் உள்ளவற்றுள் மிகப் புதியதும் கூடுதல் நினைவகம் கொண்டதுமான பலகையையே வாங்க வேண்டும் என்று கட்டுரையாளர் கூறியிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இந்த வேலையில் பல ஆண்டுகளாக ஈடுபாடு கொண்டுள்ள வாசகர் என்ற முறையில், பணமும் கவனமும் பலகையைவிட வேறு சில இடங்களுக்கே முதலில் போக வேண்டும் என்று சொல்வதற்காக இக்கடிதத்தை எழுதுகிறேன்.

வேலையின் அளவு எவ்வளவு என்பதை முதலில் பார்த்துவிடலாம். குறுந்தகட்டில் உள்ள இசை, இரண்டு தடங்களில், நொடிக்கு 44,100 முறை, 16 பிட் நுணுக்கத்தில் அளந்து பதிவு செய்யப்பட்டது. அதை அப்படியே இயக்கினாலும் நொடிக்கு ஏறத்தாழ 176 கிலோபைட் தரவுதான் கணினியின் வழியாகச் செல்லும். ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் கோப்பை விரித்து வாசிப்பதும் இன்றைய செயலிகளுக்கு ஒரு சுமையே அன்று. 2012ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த முதல் ராஸ்பெரி பை கூட இதைச் செய்யும். 2021இல் வந்த ராஸ்பெரி பை சீரோ 2 டபிள்யூ என்ற சிறிய பலகை, 512 மெகாபைட் நினைவகத்தை மட்டும் வைத்துக்கொண்டு, பாட்டு ஓடும் நேரத்திலும் பெரும்பகுதி வேலையின்றியே இருக்கும். வேறெதற்கோ வாங்கி மேசை இழுப்பறையில் கிடக்கும் பழைய பலகை ஒன்று இருந்தால், இதற்கென்று புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை.

புதியதை வாங்குவதால் சில வசதிகள் குறையவும் செய்கின்றன. 2023இல் வந்த ராஸ்பெரி பை 5இல் ஹெட்போன் ஜாக்கே கிடையாது. அது 5 ஆம்பியர் தரக்கூடிய மின்வழங்கியை எதிர்பார்க்கிறது. 3 ஆம்பியர் வழங்கியை இணைத்தால் இயங்கும் என்றாலும், யூஎஸ்பி துளைகளுக்குப் போகும் மின்னோட்டத்தை 600 மில்லி ஆம்பியருக்குள் அடக்கிவிடும். பாடல்கள் நிறைந்த ஹார்டு டிஸ்க் சுழலத் தொடங்கும் வேளையில் அதைவிடக் கூடுதலாகக் கேட்கும். அந்தப் பலகையின் சூட்டைத் தணிக்க விசிறி வைத்தால், அமைதியான அறையில் மெல்லிய இசை கேட்கும்போது விசிறியின் இரைச்சலும் சேர்ந்தே காதில் விழும். வேகம் தேவைப்படும் வேலைகளுக்கு அது மிகச் சிறந்த பலகை என்பதில் ஐயமில்லை. ஆனால் இது வேகம் கேட்கும் வேலை அன்று.

எனக்கு முக்கியமாகத் தோன்றுவது ஒலி வெளியேறும் வழி. ராஸ்பெரி பை 4 வரையிலான பெரிய பலகைகளில் 3.5 மி.மீ. ஹெட்போன் ஜாக் உண்டு என்றாலும், அதன் பின்னால் இசைக்கென அமைந்த சில்லு எதுவும் இல்லை. மின்துடிப்புகளின் அகலத்தைக் கூட்டியும் குறைத்தும், அவற்றை வடிகட்டியுமே அது ஒலியை உண்டாக்குகிறது. அந்த முறை செய்தி கேட்கவும் எச்சரிக்கை ஒலி எழுப்பவும் போதும். குறுந்தகட்டின் 16 பிட் நுணுக்கத்தை அதனால் எட்ட முடியாது. ஒரு கச்சேரிப் பதிவில் பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியிலோ, ஒற்றைக் கருவியின் நாதம் தேய்ந்து அடங்கும் இடத்திலோ காதைக் கூர்மையாக்கினால், அடியில் ஒரு சீறல் ஓடிக்கொண்டிருப்பது தெரியும். ஆம்பிளிஃபயரின் ஒலியளவை ஏற்ற ஏற்ற அதுவும் உடன் ஏறும். சிறு கணினியை இசைக்காக முயன்று பார்த்துக் கைவிட்டவர்களில் பலர் கேட்டது இந்த ஜாக்கின் ஒலியை மட்டுமே என்பது என் கணிப்பு.

இதற்குத் தீர்வு எளிது. பெரும்பாலான பலகைகளின் ஓரத்தில் உள்ள 40 முள் வரிசையின் மேல் செருகக்கூடிய டிஏசி அட்டைகள் கிடைக்கின்றன. இலக்க வடிவில் உள்ள ஒலியை மின்னலையாக மாற்றும் பணிக்கென்றே உருவான சில்லு அவற்றில் இருக்கும். ஐ2எஸ் எனப்படும் நேர்வழியில், ஒலித்தரவும் அதற்கான காலத்துடிப்பும் தனித்தனி முள்கள் வாயிலாக அந்தச் சில்லை அடைகின்றன. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் பிசிஎம்5102ஏ என்ற சில்லு இவ்வகை அட்டைகளில் பரவலாகக் காணப்படும் ஒன்று. அதன் ஒலி வீச்சு, அதாவது மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையிலான தூரம், 112 டெசிபெல். 16 பிட் பதிவு ஒன்றில் அடங்கக்கூடிய வீச்சோ ஏறத்தாழ 96 டெசிபெல்தான். ஆக, குறுந்தகட்டில் உள்ளவை அனைத்தையும் வெளிக்கொணர இந்த எளிய சில்லே போதும். அட்டையைச் செருகியபின், கணினி துவங்கும்போது படிக்கும் அமைப்புக் கோப்பில் அந்த அட்டைக்குரிய வரி ஒன்றைச் சேர்த்து, உள்ளமைந்த ஒலியை நிறுத்திவிட்டால் வேலை முடிந்தது. இசைக்கென்றே உருவாக்கப்பட்ட இயங்குதளங்களில் அட்டையின் பெயரைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தாலே போதும்.

யூஎஸ்பி வழியாக இணையும் டிஏசி கருவியை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் அதையே பயன்படுத்தலாம். ஆனால் ராஸ்பெரி பை 3 வரையிலான பலகைகளில், வடம் வழியாக வரும் வலையமைப்பும் எல்லா யூஎஸ்பி துளைகளும் ஒரே யூஎஸ்பி 2.0 பாதையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. வலையமைப்பிலிருந்து பாடலை எடுத்து, அதே பாதையில் டிஏசி கருவிக்கு அனுப்பும்போது சில வேளைகளில் இடையிடையே சொடுக்குச் சத்தம் கேட்கக்கூடும். 2019இல் வந்த ராஸ்பெரி பை 4இல் இந்த நெருக்கடி நீங்கிவிட்டது. பழைய பலகை வைத்திருப்பவர்களுக்கு முள் வரிசையில் செருகும் அட்டையே பொருத்தமானது.

அடுத்தது மின்சாரம். கைபேசிக்கு வாங்கிய சார்ஜரையும் மெல்லிய கேபிளையும் இதற்குப் பயன்படுத்தும் வழக்கம் பரவலாக இருக்கிறது. மின்னழுத்தம் ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் ராஸ்பெரி பை திரையின் மூலையில் மின்னல் குறியைக் காட்டி எச்சரிக்கும். இசைப்பெட்டிக்குத் திரையே கிடையாது என்பதால் அந்த எச்சரிக்கையை யாரும் பார்ப்பதில்லை. வைஃபை அறுந்து போவது, டிஸ்க் திடீரென்று காணாமல் போவது, பாட்டு நடுவில் நின்றுவிடுவது என்று விளைவுகள் மட்டும் தெரியும். பழி மென்பொருளின் மேல் விழும். வேறொரு கணினியிலிருந்து வலையமைப்பின் வழியாக உள்ளே நுழைந்து, மின்குறைவு ஏற்பட்டதா என்று கேட்கும் கட்டளையை ஒருமுறை இட்டுப் பார்க்க வேண்டும். விடை சுழியமாக இருந்தால் கவலையில்லை. வேறு எண் வந்தால், எதையும் மாற்றி நிறுவுவதற்கு முன் மின்வழங்கியையும் கேபிளையும் மாற்ற வேண்டும். பெரிய ஹார்டு டிஸ்க்குக்குத் தனி மின்சாரம் கொடுத்துவிடுவது நல்லது.

மெமரி கார்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டில் உள்ளவர்கள் இசைப்பெட்டியை வானொலியைப் போலவே கருதிச் சுவிட்சை நேரடியாக அணைப்பார்கள். அப்படி அணைப்பதற்கு அவர்களுக்கு உரிமையும் உண்டு. கார்டில் ஏதேனும் எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் மின்சாரம் போனால் கோப்புகள் சிதைந்து, மறுநாள் கணினி துவங்காமல் போகலாம். ஆகவே, அமைப்பு வேலைகள் முடிந்தவுடன் கார்டை வாசிக்க மட்டுமே இயலும் நிலைக்கு மாற்றிவிட வேண்டும்; ராஸ்பெரி பையின் அமைப்புப் பட்டியலிலேயே அதற்கான வசதி உண்டு. பைகோர்பிளேயர் என்ற இயங்குதளம் துவங்கியதும் தன்னை முழுவதுமாக நினைவகத்தில் ஏற்றிக்கொண்டு இயங்குவதால், சுவிட்சை அணைத்தாலும் அதற்குப் பாதிப்பு வருவது அரிது. முதியவர்கள் இருக்கும் வீடுகளுக்கு நான் அதையே பரிந்துரைப்பேன்.

மென்பொருள் தேர்வில் நெடுநேரம் செலவிட வேண்டாம் என்பது என் கருத்து. இசைக்கென்றே உருவான இயங்குதளங்களான வால்யூமியோ, மூட் ஆடியோ இரண்டும் எம்பிடி என்று சுருக்கமாக அழைக்கப்படும் மியூசிக் பிளேயர் டீமன் என்ற மென்பொருளை உள்ளே வைத்திருப்பவை. 2003 முதல் வளர்ந்துவரும் அம்மென்பொருள் பாடலைத் தானே இயக்கும். கைபேசியோ மடிக்கணினியோ அதற்குக் கட்டளை மட்டுமே இடும். கட்டளையிட்ட கைபேசி வீட்டைவிட்டு வெளியே போனாலும், அதற்கு அழைப்பு வந்தாலும் பாட்டு தடைபடாது. கைபேசியிலிருந்து புளூடூத் ஸ்பீக்கருக்கு அனுப்பிக் கேட்பவர்களுக்கு இந்த வேறுபாடு முதல் நாளே புரிந்துவிடும்.

அதே வேளையில், கைபேசியில் மட்டுமே இயக்கக்கூடிய கருவி வீட்டில் எல்லாருக்கும் உரியதாகாது. கண்பார்வை மங்கியவருக்கும் சிறு பிள்ளைக்கும் கையால் திருகக்கூடிய ஒரு குமிழ் வேண்டும். இந்தப் பலகையின் அருமையே அங்குதான் இருக்கிறது. டிஏசி அட்டை எடுத்துக்கொண்டது போக மீதமுள்ள முள்களில் திருகு குமிழ் ஒன்றை இணைத்து ஒலியளவுக்கும், அழுத்து பொத்தான் ஒன்றை இணைத்து நிறுத்தவும் தொடரவும் ஏற்பாடு செய்யலாம். 38 கிலோஹெர்ட்ஸ் அகச்சிவப்பு உணரியைப் பொருத்தினால், பயனின்றிக் கிடக்கும் பழைய தொலைக்காட்சி ரிமோட்டே இதற்கும் பயன்படும். கடையில் விற்கும் நவீன இசைக்கருவிகள் பலவற்றில் இல்லாத இந்த வசதியைத் தங்கள் கட்டுரை குறிப்பிடாமல் விட்டது எனக்கு வருத்தமே.

பாடல் கோப்புகளை ஒழுங்குபடுத்துவதுதான் இதில் நீண்ட வேலை. சொந்தக் குறுந்தகடுகளை ஃபிளாக் வடிவில் ஏற்றும்போது, எடுத்த தரவு பிறர் அதே தகட்டிலிருந்து எடுத்ததோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கும் மென்பொருளைப் பயன்படுத்துவது நல்லது. கீறல் விழுந்த தகட்டில் எந்தப் பாடல் பழுதுபட்டது என்பது அப்போதே தெரிந்துவிடும். எம்பி3 கோப்பை ஃபிளாக்காக மாற்றுவதில் எந்தப் பயனும் இல்லை. இழந்த ஒலி திரும்பி வராது, கோப்பின் அளவு மட்டும் பெருகும். பலர் பாடிய தொகுப்பு ஒன்றை ஏற்றி, ஒவ்வொரு பாடலுக்கும் பாடியவர் பெயரை மட்டும் கொடுத்து, தொகுப்புக்கு உரியவர் என்ற புலத்தைக் காலியாக விட்டுவிட்டால், பன்னிரண்டு பாடல்கள் கொண்ட ஒரே தட்டு சில மென்பொருள்களில் பன்னிரண்டு தட்டுகளாகச் சிதறித் தெரியும். அந்தப் புலத்தை நிரப்பியவுடன் எல்லாம் ஒன்றுகூடிவிடும். ஃபிளாக் கோப்பின் குறிப்புகள் யூனிகோடில்தான் இருக்க வேண்டும் என்பது அதன் விதி என்பதால், பெயர்களைத் தமிழிலேயே எழுதிவைக்கலாம். பழைய எம்பி3 கோப்புகளில் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறிக் கிடப்பதைப் பார்த்து நொந்தவர்களுக்கு இதன் மதிப்பு தெரியும். இவ்வளவு உழைத்துச் சேர்த்த தொகுப்பின் நகல் ஒன்றை வேறொரு டிஸ்க்கில் எடுத்து, அதைக் கணினியோடு இணைக்காமல் தனியே வைத்திருக்க வேண்டும்.

இவ்வளவு மெனக்கெடுவதற்கு, மாதக் கட்டணம் செலுத்திக் கேட்டுவிட்டுப் போகலாமே என்று சிலர் சொல்லக்கூடும். புதிய இசையைத் தேடிக் கண்டடைய அச்சேவைகள் பெரிதும் உதவுகின்றன; நானும் அவற்றை மறுக்கவில்லை. ஆனால் உரிம ஒப்பந்தம் முடிந்தால் நேற்றுக் கேட்ட பாடல் இன்று அங்கே இருக்காது. கருவிகளுக்கும் இதே நிலைதான். ஸ்குவீஸ்பாக்ஸ் என்ற வலையமைப்பு இசைக்கருவியின் தயாரிப்பை லாஜிடெக் நிறுவனம் 2012இல் நிறுத்தியது. அக்கருவிகளுக்கென அது நடத்திவந்த இணையச் சேவையும் 2024இல் மூடப்பட்டது. ஆயினும் அக்கருவிகள் குப்பைக்குப் போகவில்லை. அவற்றுக்குப் பாடலை அனுப்பும் மென்பொருளின் மூலநிரல் திறந்ததாக இருந்தமையால், ஆர்வலர்கள் அதைத் தொடர்ந்து பராமரித்து, இன்று லிரியன் மியூசிக் சர்வர் என்ற பெயரில் வழங்கிவருகிறார்கள். பைகோர்பிளேயர் ஏற்றிய சிறு கணினி, அதே மென்பொருளிடமிருந்து பாடலைப் பெற்று அந்தப் பழைய கருவியைப் போலவே இயங்குகிறது. ஒரு நிறுவனம் விலகிய பின்பும் வீட்டில் பாட்டு நிற்காமல் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் இப்பொருளைப் பற்றி மீண்டும் எழுதும்போது, பலகைகளின் வேகத்தை ஒப்பிடும் அட்டவணைக்கு மாறாக, மின்வழங்கியைச் சோதிப்பது, டிஏசி அட்டையை இணைப்பது, கார்டைப் பாதுகாப்பது, கோப்புகளுக்குப் பெயரிடுவது ஆகிய நான்கையும் படங்களுடன் விளக்கித் தனித்தனிக் கட்டுரைகளாக வெளியிட வேண்டுகிறேன். அவற்றுள் டிஏசி அட்டையைப் பற்றிய கட்டுரை முதலில் வந்தால், ஹெட்போன் ஜாக்கில் கேட்டுவிட்டுப் பலகையை ஓரங்கட்டியவர்கள் அதை மீண்டும் வெளியே எடுப்பார்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்