மேட் கட்டர் கேட்ட மகளுக்கு

அன்பு மகளுக்கு,

செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு உன் செய்தி வந்தது. "அப்பா, எந்த மேட் கட்டர் வாங்கலாம்? 40 படம், 12×18." தீபாவளிக்கு வந்துபோன பிறகு நீயாக அனுப்பிய முதல் செய்தி அதுதான். சாப்பிட்டீங்களா என்றுகூட இல்லை. பரவாயில்லை. போனில் பேசினால் நான் வேறெங்கோ போய்விடுவேன், அதனால் இங்கே பினாங்கில் கடையை அடைத்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. தம்பி நலம்.

செவ்வாய்க்கிழமை காலையில் உனக்கு மீட்டிங் இருக்கும் என்று முன்பு சொல்வாய். அதை விடு.

மேட் என்பது சட்டத்துக்குள் படத்தின் மேல் போடுகிற ஜன்னல் அட்டைதானே, அதை வெட்டக் கையில் பிடித்து ஸ்கேல் ஓரமாக இழுக்கிற சின்னக் கட்டர் வேண்டாம். ஒன்றிரண்டு படத்துக்கு அது போதும், நாற்பதுக்கு ஆகாது. ஸ்கேல் அரை மில்லிமீட்டர் நழுவினாலும் ஜன்னல் கோணிப்போகும், அது கடைசி மூலைக்கு வரும்போதுதான் கண்ணில் படும். பலகையோடு வருகிற கட்டராக வாங்கு. அதில் ஒரு அடிப்பலகை, மேலே அலுமினிய ரெயில், ரெயிலில் ஓடுகிற 45 டிகிரி வெட்டுத்தலை, ஓரத்தின் அகலத்தைப் பிடித்து வைக்க ஒரு தடுப்பு இருக்கும். லோகன் கம்பெனியின் 301 மாடல் 32 அங்குலம், 450 மாடல் 40 அங்குலம். உனக்கு 32 போதும். ஃபிளெட்சர், கீன்கட் எல்லாம் கடைக்காரர்களுக்கான எந்திரம். வாடகை வீட்டில் அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்? மேசையை எந்த அறையில் போடப் போகிறாய் என்று நீ சொல்லவில்லை. பழைய வீடுதானா?

அங்கே கோலாலம்பூரில் (கே.எல்.) யாராவது பழையது விற்றால் வாங்கலாம், ஆனால் நேரில் போய்ப் பார்க்காமல் காசு கொடுக்காதே. அடிப்பலகை மரத்தூளை அழுத்திச் செய்தது. நம் ஊர் ஈரத்தில் ஓரம் ஊதிவிடும். பலகையின் குறுக்கே ஒரு இரும்பு ஸ்கேலை நிறுத்தி, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார். தெரிந்தால் எழுந்து வந்துவிடு. வெட்டுத்தலையைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார். ஆட்டம் இருந்தால் வெட்டு அலை அலையாக வரும், அதைச் சரிசெய்ய முடியாது. ரெயில் வளைந்திருக்கிறதா என்று ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் தெரிந்துவிடும். பிளேடு மட்டும் புதிதாக வாங்கு. லோகனில் பெரும்பாலானவற்றுக்கு 270 எண் பிளேடுதான்.

இனி அளவு. 12×18 படத்தை 18×24 சட்டத்தில் போட்டால் நான்கு பக்கமும் 3⅛ அங்குல ஓரம் வரும், பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் மேட் போர்டு 32×40 அங்குலத் தாளாக வருகிறது. அதில் 18×24 துண்டு இரண்டுதான் தேறும், மிச்சம் வீண். நாற்பது படத்துக்கு ஜன்னல் அட்டை 20 தாள், படத்துக்குப் பின்னால் வைக்கிற முதுகட்டை 20 தாள். படத்தை 10×15 ஆக்கு. சட்டம் 16×20. ஒரு தாளில் சரியாக நான்கு, ஒரு துண்டுகூட வீணாகாது. மொத்தம் 20 தாளில் வேலை முடிந்துவிடும். தாளை முதலில் 40 அங்குல நீளத்தின் நடுவில் குறுக்கே வெட்டு, பிறகு ஒவ்வொரு பாதியையும் 16-இல் வெட்டு. எந்த வெட்டும் 32 அங்குலத்தைத் தாண்டாது, அதனால்தான் 32 அங்குலக் கட்டர் போதும் என்றேன். காசைக் கவனித்துச் செலவு செய்கிற காலம் என்றால் இந்தக் கணக்கு உதவும்.

ஜன்னல் 9¾×14¾. அதாவது நான்கு பக்கமும் படத்தின் மேல் ⅛ அங்குலம், 3 மில்லிமீட்டர் ஏறி நிற்கும். படுக்கைவாட்டுப் படத்துக்கு இடம் வலம் 2⅝, மேலே 3, கீழே 3¼. கீழே அந்தக் கால் அங்குலம் கூடுதலாக இல்லாவிட்டால் படம் சரிந்து இறங்குவதுபோல் கண்ணுக்குத் தோன்றும். சட்டத்தின் உள்பள்ளத்தை அளக்காமல் அட்டையை வெட்டாதே. அட்டை ஈரத்தில் விரியும், இறுக்கமாக இருந்தால் நடுவில் புடைக்கும். இரண்டு மில்லிமீட்டராவது ஆட்டம் வேண்டும்.

போன தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் படிக்கட்டில் நீ எடுத்தாயே, காவடிக்காரரின் முதுகு மட்டும் தெரிகிற படம், அதைக் கடையில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் யார் எடுத்தது என்று கேட்கிறார்கள். என் மகள் என்று சொல்கிறேன். ஆனால் அந்தப் பிரிண்டில் நீ வெள்ளை ஓரமே விடவில்லை. எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்? சுற்றிலும் அரை அங்குலம் வெற்றுத்தாள் இருந்தால்தான் படத்தைத் தொடாமல், தாளைப் பிடிக்கிற பாலியெஸ்டர் மூலைகளை மாட்ட முடியும்.

வெட்டுவது இப்படி. அட்டையின் முகம் கீழே, முதுகு மேலே. முதுகில் 'மேல்' என்று எழுதி அம்புக்குறி போடு, இல்லாவிட்டால் பத்தாவது அட்டையில் தலைகீழாகிவிடும். தடுப்பை 2⅝-இல் வைத்து நாற்பது அட்டைக்கும் இரண்டு பக்கக் கோடுகளைப் போட்டு முடி, பிறகு 3, பிறகு 3¼. கூர்மையான பென்சில், லேசான கோடு. ஓரப்பகுதி தடுப்பின் பக்கமும் விழப்போகிற நடுத்துண்டு வெளிப்பக்கமும் இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் ஜன்னல் ஓரத்தில் தெரிய வேண்டிய வெள்ளைச் சாய்வு பின்னால் மறைந்துகொள்ளும்.

அடியில் முழு நீளத்துக்கு ஒரு வீண் அட்டைத் துண்டு கட்டாயம். கத்தி மேலட்டையைக் கடந்து அந்த அடித்துண்டை லேசாகக் கீற வேண்டும், அவ்வளவுதான். நான்கு பிளை, அதாவது நாலடுக்கு அட்டை ஒன்றரை மில்லிமீட்டர் கனம். சாய்வாகப் போவதால் கத்தி இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீட்டினால் போதும். அதிகம் நீட்டினால் முனை வளைந்து மூலையில் கொக்கிபோல் ஒரு வளைவு விழும். குறைவாக இருந்தால் நடுத்துண்டு விடாது, நீ பிய்ப்பாய், முகத்தாள் கிழியும். அடித்துண்டில் பழைய கீறல் பள்ளமாகிவிட்டால் கத்தி அந்தப் பள்ளத்தைத் தேடிப் போகும். நான்கைந்து அட்டைக்கு ஒருமுறை அதை நகர்த்து.

வெட்டுத்தலையில் உள்ள தொடக்கக் குறியைப் பென்சில் கோட்டோடு பொருத்தி, கத்தியை முழுதாக இறக்கி, ஒரே வேகத்தில் கடைசிவரை போ. நடுவில் நிறுத்தாதே, ரெயிலைப் பக்கவாட்டில் தள்ளாதே. ஒவ்வொரு கட்டரும் மூலையில் எவ்வளவு தாண்ட வேண்டும் என்பது வீண் துண்டில் வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். அதிகம் தாண்டினால் முகத்தில் மூலைக்கு வெளியே மயிரிழைபோல் கீறல் தெரியும். நாலாவது வெட்டு முடிந்ததும் நடுத்துண்டு தானாக விழ வேண்டும். விழாவிட்டால் இழுக்காதே. சவர பிளேடு ஒன்றை அதே சாய்வில் மூலையில் நுழைத்து, ஒட்டியிருக்கிற நாரை மட்டும் அறுத்துவிடு. விழுந்த நடுத்துண்டுகளை எறியாதே, பழகுவதற்கு அவைதான். முதல் பத்து வெட்டும் வீண் துண்டிலேயே போகட்டும்.

பிளேடை மாற்று. இரண்டு ஜன்னலுக்கு ஒரு பிளேடு. மூன்றாவதும் வெட்டும், நன்றாக வெட்டுவதுபோல்தான் தோன்றும், ஆனால் சாய்வில் பஞ்சுபோல் நார் எழும்பும், விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் தெரியும். நாற்பது படத்துக்கு இருபது பிளேடு, பழகப் பத்து. நூறு பிளேடு டப்பாவாக வாங்கிவிடு. பிளேடில் காசு மிச்சம் பிடிக்காதே மா. ஒரு பிளேடை மிச்சம் பிடித்து ஒரு அட்டையைப் பாழாக்குவாய். புது பிளேடு போட்டும் நார் எழும்பினால் அட்டை ஈரம் குடித்திருக்கிறது என்று அர்த்தம். பினாங்கில் காற்றின் ஈரப்பதம் பல நாள் 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது, கே.எல்.-உம் பெரிய வித்தியாசமில்லை. தாள்களைச் சுவரில் சாய்க்காமல் பிளாஸ்டிக்கில் சுற்றிப் படுக்கையாக வை, வெட்டுவதற்கு முந்தின நாள் ஏர்கான் அறையில் போடு. அறையில் ஏர்கான் இருக்கிறதா?

அட்டை விஷயத்தில் கடைக்காரர் சொல்வதை அப்படியே நம்பாதே. சாதாரண மரக்கூழ் அட்டையில் சுண்ணாம்பைக் கலந்து அமிலம் இல்லாதது என்று சீட்டு ஒட்டி விற்பார்கள். கூழில் இருக்கிற லிக்னின், அட்டையைப் பழுப்பாக்கி அமிலமாக்குகிற மரப்பொருள், அப்படியே இருக்கும், சுண்ணாம்பு தீர்ந்ததும் வேலையைக் காட்டும். முழுப் பருத்தி அட்டை கேள், கட்டுப்படியாகாவிட்டால் லிக்னின் நீக்கிய மரக்கூழான ஆல்ஃபா செல்லுலோஸ். படத்துக்குத் தீங்கில்லை என்று சோதிப்பதற்கு ஐ.எஸ்.ஓ. 18916 என்று ஒரு சோதனை உண்டு, அதில் தேறியதா என்று கேள். ஜன்னல் அட்டை மட்டுமில்லை, பின்னால் வைக்கிற முதுகட்டையும் அதே தரமாக இருக்க வேண்டும். படம் முழு உடம்பாலும் தொட்டுக்கொண்டிருப்பது முதுகட்டையைத்தான்.

ஜன்னலையும் முதுகட்டையையும் நீளப் பக்கத்தில் துணி டேப் போட்டுப் புத்தகம்போல் இணை. படத்தை முதுகட்டையில் பாலியெஸ்டர் மூலைகளால் பிடி. மூலை முடியாவிட்டால் மேலே மட்டும் இரண்டு ஜப்பானியத் தாள் கீல், கோதுமை மாவுப் பசை. கீழே ஒட்டாதே, தாள் விரியவும் சுருங்கவும் இடம் வேண்டும். மாஸ்கிங் டேப், செலோடேப், இரட்டைப் பக்க டேப், ஸ்பிரே எதுவும் படத்தின் பக்கமே வரக்கூடாது. எதைச் செய்தாலும் பிறகு ஒருவர் பிரித்து எடுக்க முடிய வேண்டும்.

படம் கண்ணாடியைத் தொடவே கூடாது. மேட் போடுவதே அழகுக்காக மட்டுமில்லை, அந்த ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளிக்காகவும்தான். நம் வீடுகளில் பெரியவர்கள் படத்தை மேட் இல்லாமல் கண்ணாடியோடு அழுத்திப் போட்டு, பொட்டும் மாலையும் வைத்து, கீழே விளக்கேற்றுகிறோம். ஈரத்தில் படத்தின் மேற்பூச்சான ஜெலட்டின் இளகிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். அப்படி எத்தனை பேர் கடைக்குக் கொண்டுவந்து அழுதிருக்கிறார்கள்.

உன் பாட்டி, ஆயா படத்தைத் தீபாவளியன்று நீ சுவரிலிருந்து இறக்கினாய். ஜன்னலைச் சுற்றி இருக்கிற பழுப்புக் கோட்டைப் பார்த்து, ஏன்பா இப்படி ஆச்சு என்றாய். பினாங்கு ஈரம் மா என்றேன். நீ திருப்பி முதுகைப் பார்த்தாய். ஒன்றும் பேசாமல் மறுபடி மாட்டினாய். அன்று மாலையே பஸ் ஏறிவிட்டாய்.

ஈரம் இல்லை மா. நான்தான். 1996-இல் அந்தப் படத்தை ரப்பர் பசை தடவி ஹார்டுபோர்டில் முழுக்க ஒட்டினேன். அந்தப் பசையில் இருக்கும் கந்தகம் படத்தின் வெள்ளியைத் தின்னும். மேலே மரக்கூழ் மேட். அந்தப் பழுப்புக் கோடு அதன் சாய்விலிருந்து இறங்கிய அமிலம். பருத்தி அட்டை அப்போது கடையில் இல்லாமலில்லை. அதே வாரத்தில் ஒரு வாடிக்கையாளருக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். வீட்டுப் படம்தானே என்று மிச்சத் துண்டை எடுத்தேன். ஆயாவுக்கு இருந்தது அந்த ஒரே படம், நெகட்டிவும் இல்லை. உனக்கு இதெல்லாம் பின்பக்கத்தைப் பார்த்தவுடனே தெரிந்திருக்கும், நான்தானே கற்றுக்கொடுத்தேன். தெரிந்த உன்னிடம் ஈரம் என்று சொன்னேன்.

அதை உரிக்க முயற்சி செய்யாதே, நானும் செய்ய மாட்டேன். ஹார்டுபோர்டைப் பின்பக்கமிருந்து அடுக்கடுக்காகச் செதுக்கி எடுக்கிற பழுதுபார்ப்பு நிபுணர்தான் அதைத் தொட வேண்டும். அதற்கு முன்னால் நீ வந்து கேமராவில் எடு. படத்துக்கு நேரெதிரே முக்காலி, இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு. மேட்டைக் கழற்றி வைத்துவிட்டேன், அது படத்தில் ஒட்டவில்லை. கண்ணாடியும் இப்போது இல்லை. 8×10-ஆகப் பிரிண்ட் போடு, ஜன்னல் 7¾×9¾. அந்த ஜன்னலை நீ வெட்டு.

சித்தப்பா வெள்ளிக்கிழமை பட்டர்வொர்த்தில் ரயிலேறுகிறார். இரண்டு பிளைவுட்டுக்கு நடுவில் 16×20 பருத்தி அட்டை எட்டுத் துண்டும், 270 பிளேடு ஒரு டப்பாவும் கொடுத்தனுப்புகிறேன். கே.எல். சென்ட்ரலுக்கு வந்து வாங்கிக்கொள். பொட்டலத்தைச் சாய்க்காமல் பிடி.

அன்புடன்,
அப்பா

பி.கு.: பழைய பிளேடுகளை மைலோ டின்னில் போட்டு மூடியை டேப்பால் ஒட்டிவிடு, குப்பை எடுக்கிறவர் கையைக் கிழித்துவிடும். வாடகை எந்தத் தேதி கட்ட வேண்டும் என்று எழுது.