பழைய லேப்டாப்பைத் தள்ளி விடுறதுக்கு முன்னாடி அந்தப் பூட்டைத் திறந்து விடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் பெங்களூரு ஸ்ரீராமபுரத்துல இருக்கேன், ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு ஐடி பில்டிங்ல எலக்ட்ரீஷியனா வேலை. பொண்ணு பி.காம் முதல் வருஷம். அசைன்மென்ட் எல்லாம் போன்லயே அடிச்சு அடிச்சு கண்ணு எரியுதுப்பான்னு தினமும் சொல்லுவா, புதுசு வாங்கலாம்னு விசாரிச்சா 30,000 ரூபாய்க்குக் கம்மியா உருப்படியா ஒண்ணும் சிக்கல, சரி செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு எடுத்துடலாம்னு இறங்கினேன். ஆபீஸ்ல போட்ட ஒரு பாஸ்வேர்ட் பூட்டை எடுக்காமலே வித்த லேப்டாப்பால அப்போ பட்ட கஷ்டம் இன்னொரு வீட்டுக்கு வரக்கூடாதுன்னுதான் இந்த லெட்டர்.

முதல்ல இப்போ ஏன் பழைய லேப்டாப் இவ்வளவு மலிவா கிடைக்குதுன்னு சொல்லிடுறேன். 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்டை நிறுத்திட்டாங்க, அதாவது வழக்கமா வர்ற செக்யூரிட்டி அப்டேட் நின்னுடுச்சு. விண்டோஸ் 11 போடணும்னா டிபிஎம் 2.0ன்னு ஒரு செக்யூரிட்டி சிப் வேணும், இன்டெல் பிராசசர்னா பெரும்பாலும் எட்டாவது ஜெனரேஷனாவது இருக்கணும். ஆறாவது ஏழாவது ஜெனரேஷன் மெஷின் எல்லாம் நல்லா ஓடிட்டு இருந்தாலும் ஆபீஸ்ல பெரும்பாலும் வச்சுக்க மாட்டாங்க. சர்வீஸ் லிஃப்ட்ல டிராலி டிராலியா இறங்குறதை நானே பாத்திருக்கேன், ஒவ்வொண்ணும் ஒரு பிள்ளை மூணு நாலு வருஷம் படிக்கிறதுக்குத் தாங்கும்.

ஒரு சனிக்கிழமை, கம்ப்யூட்டர் கடைங்க நிறைய இருக்கிற எஸ்.பி. ரோடு போனேன். எங்க ஸ்டேஷன்ல ஏறினா மெட்ரோவுல சிக்பேட்டை மூணாவது ஸ்டாப், அங்கேருந்து நடந்துடலாம். ஒரு கடையில ஆறாவது ஜெனரேஷன் ஐ5, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், சார்ஜரோட 7,500ன்னான். ஆன் பண்ணிக் காட்டினான், விண்டோஸ் வந்துச்சு, யூடியூப் ஓடுச்சு, பணத்தைக் கொடுத்துட்டு வந்துட்டேன். மூடி மேல ஆபீஸ் அசெட் ஸ்டிக்கரைக் கிழிச்ச இடம் பிசுபிசுன்னு இருந்துச்சு, பொண்ணு தேங்காய் எண்ணெய் தொட்டு துணியால துடைச்சு துடைச்சு பளபளன்னு ஆக்கிட்டா.

ஆனா ஆன் ஆகுறதுக்கே நாலஞ்சு நிமிஷம், பிரவுசர் திறந்தா அப்படியே நின்னுடும். எங்க பில்டிங்ல ஐடி சப்போர்ட்ல மதுரைத் தம்பி ஒருத்தர் இருக்கார், அவர்கிட்ட கேட்டேன். அண்ணே அந்த ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி போடுங்க, விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ ஏத்துங்க, 4 ஜிபி ராமுக்கு அது போதும், காசும் கிடையாதுன்னு சொல்லி அவரே ஒரு பென் டிரைவ்ல ஏத்திக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பென் டிரைவைச் சொருகி, அதுலேருந்து ஓட வைக்கிற பட்டனை அமுக்கி ஆன் பண்றோம், கருப்பு ஸ்கிரீன்ல ஒரு பாஸ்வேர்ட் கட்டம் வந்து நிக்குது. மூணு தடவை எதையோ அடிச்சுப் பாத்தோம், ஆஃப் ஆயிடுச்சு.

அதுதான் பயாஸ் பாஸ்வேர்ட். விண்டோஸுக்குப் போடுற பாஸ்வேர்ட் இல்ல, அதுக்கும் அடியில மெஷினுக்கே போடுற பூட்டு. லேப்டாப் திருடு போனாலும் எவனும் பென் டிரைவ் போட்டு உள்ள நுழையக் கூடாதுன்னு ஆபீஸ்ல போட்டு வைப்பாங்க, அது நியாயம்தான். ஆனா மெஷினை வித்துட்டு பூட்டை மட்டும் விட்டுட்டுப் போனா வாங்கினவன் என்ன பண்ணுவான்? உள்ள இருக்கிற பட்டன் செல்லைக் கழட்டி மாட்டினா போயிடும்னு நிறைய பேர் சொன்னாங்க, பழைய டெஸ்க்டாப்புக்கு அது சரி, ஆபீஸ் லேப்டாப் பலதுல பாஸ்வேர்ட் தனி சிப்ல உக்காந்திருக்கும், முறையா எடுக்கணும்னா மதர்போர்டையே மாத்தணும்னு தம்பி சொன்னார். அதுக்கு ஆகுற செலவுல இன்னொரு லேப்டாப்பே வாங்கிடலாம்.

மறுநாள் எடுத்துட்டுப் போனா கடைக்காரர் ஒத்துக்கவே இல்ல, பில்லும் தரல, வாரண்டியும் இல்ல, ஓடுதுல்ல அப்புறம் என்னன்னு கன்னடத்துல சத்தம் போட்டார். ரெண்டு மணி நேரம் நின்னு பேசினப்புறம் மேல 1,000 வாங்கிட்டு வேற ஒண்ணு கொடுத்தார். இந்த தடவை கவுன்டர்லயே வச்சு எல்லாத்தையும் பாத்தேன். ஆன் பண்ணும்போதே செட்டப்புக்குப் போற பட்டனை அமுக்கினேன், மாடலைப் பொறுத்து எஃப்1, எஃப்2, டிலீட்ன்னு மாறும், பாஸ்வேர்ட் கேக்காம உள்ள போச்சு. பென் டிரைவ்லேருந்து மின்ட்டை இன்ஸ்டால் பண்ணாமலே ஓட்டினேன், வைஃபை, ஸ்பீக்கர், கேமரா, ஒவ்வொரு கீயும் வேலை செய்யுதான்னு அதுலயே தெரிஞ்சுடும். பேட்டரிக்கு விண்டோஸ்ல கமாண்ட் பிராம்ப்ட் திறந்து powercfg /batteryreport-ன்னு அடிச்சா ஒரு ரிப்போர்ட் வரும், பேட்டரி தாங்குற அளவு புதுசா இருந்தப்போ 47,000ன்னு இருந்தது இப்போ 29,000ன்னு காட்டிச்சு, வீட்டுல உக்காந்து படிக்கிற பிள்ளைக்கு அது போதும்னு எடுத்துட்டேன்.

ராத்திரி நானும் பொண்ணும் எஸ்எஸ்டி மாட்டி மின்ட் ஏத்தினோம், அரை மணி நேரம்கூட ஆகல. இப்போ அரை நிமிஷத்துல ஆன் ஆகுது. லிப்ரே ஆபீஸ்ல அசைன்மென்ட் அடிக்கிறா, தமிழ்99 கீபோர்டு சேர்த்துக் கொடுத்தேன், அவங்க பாட்டிக்கு லெட்டர் டைப் பண்ணி பிரிண்ட் எடுத்து ஊருக்கு அனுப்பினா. ஒரு குறை, கணக்கு எழுதுற டேலி சாஃப்ட்வேர் விண்டோஸ்லதான் ஓடும், அதை காலேஜ் லேப்லதான் பண்றா, பி.காம் பிள்ளைங்களுக்கு வாங்குறவங்க அதையும் யோசிச்சுக்கணும்.

ரெண்டு வாரம் கழிச்சு ஒரு மவுஸ் வாங்க அதே ரோடு பக்கம் போனேன், நான் திருப்பிக் கொடுத்த அதே லேப்டாப் கவுன்டர்ல இருக்கு, மூடில நாங்க துடைச்ச பளபளப்பு அப்படியே தெரியுது. ஒரு அம்மா பையனோட நின்னு விலை பேசிட்டு இருந்தாங்க, தமிழ்லதான். கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன், வாங்காம போயிட்டாங்க. ஆனா நான் போனப்புறம் வந்த அடுத்த ஆளுக்கு யார் சொல்லியிருப்பா? அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல.

கடைக்காரர் மேல மட்டும் பழி போட மனசு வரல, அவருக்கும் அது பூட்டோடதான் வந்திருக்கு. இ-வேஸ்ட் ரூல்ஸ் 2022 வந்து 2023 ஏப்ரல் 1-லேருந்து நடைமுறையில இருக்கு, பழசைச் சரி பண்ணி விக்கிறவங்க ரெஜிஸ்டர் பண்ணணும்னு அதுல இருக்கு. அதோட, மெஷினைக் கொடுக்குற கம்பெனி பயாஸ் பாஸ்வேர்டை எடுத்துட்டுத்தான் கொடுக்கணும்னு கட்டாயம் வரணும்ங்கிறது என் கோரிக்கை. இல்லாட்டி நல்ல மெஷின் குப்பைக்குத்தான் போகும்.

அது வர்றதுக்கு எவ்வளவு நாள் ஆகுமோ. அதுவரைக்கும் உங்க பேப்பரைப் படிக்கிற ஐடி சப்போர்ட் தம்பி தங்கச்சிங்களைத்தான் கேக்குறேன், இந்த ஊர்ல அந்த வேலையில நம்ம ஆளுங்க எவ்வளவோ பேர் இருக்கீங்க. ஸ்டோர் ரூம்ல அடுக்கி வச்சிருக்கிற மெஷினை வண்டியில ஏத்துறதுக்கு முன்னாடி டேட்டாவை அழிக்கும்போதே அந்த பாஸ்வேர்டையும் எடுத்து விட்டுடுங்கப்பா, பாஸ்வேர்ட் உங்ககிட்டதான் இருக்கு, ஒரு மெஷினுக்கு ரெண்டு நிமிஷம்கூட ஆகாது, சார்ஜரையும் கூடவே கட்டி அனுப்புங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஸ்ரீராமபுரம், பெங்களூரு