காற்றில் யாருக்குப் பங்கு?

எஸ்பியர், டென்மார்க்

அன்புள்ள சுடலைமுத்துவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய படங்களைப் பார்த்து வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். கயத்தாறு பக்கத்துப் புஞ்சையை மின்சாரக் காத்தாடி போடக் கேட்டு ஆள் வந்ததாகவும், இந்த நாட்டில் இதெல்லாம் எப்படி நடக்கிறது என்றும் கேட்டிருந்தாய். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இங்கே மேற்குக் கரையில் காற்றுக்குக் குறைவே இல்லை. ஆனால் காற்று அடித்ததால் மட்டும் தொழில் வந்துவிடவில்லை. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இதே காற்றுதான். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது டென்மார்க்கின் எரிசக்தியில் 90 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி எண்ணெய். ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டவே தடை போட்டார்கள். அப்போது துணிந்து இறங்கியவர்கள் சாதாரண ஆட்கள். ரீசேயர் என்ற தச்சர் செய்த 22 கிலோவாட் காத்தாடியை அக்கம்பக்கத்தார் வாங்கினார்கள். உல்ஃப்போர்க் அருகே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து ஒரு பெரிய காத்தாடியைக் கட்டி 1978இல் ஓடவிட்டார்கள். இன்று உலகம் அறிந்த காத்தாடி நிறுவனமான வெஸ்டாஸ், லெம் என்ற சிற்றூரில் 1898இல் கொல்லுப்பட்டறையாகத் தொடங்கியது. 1979இல்தான் முதல் காத்தாடியை விற்றது.

எனக்கு முக்கியமாகப் படுவது இதற்கு அடுத்த கட்டம். ஊர்க்காரர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து பங்கு போட்டுக் காத்தாடி வாங்கினார்கள். வரும் வருமானத்துக்கு அரசு வரிச்சலுகை கொடுத்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அப்படிப் பங்குதாரர் ஆயின. கோபன்ஹேகனுக்கு எதிரே கடலில் 2000இல் நிறுத்திய 20 காத்தாடிகளில் பாதி எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சாதாரண மக்களுடையது. தன் பணம் சுற்றும்போது அந்தச் சத்தம் யாருக்கும் தொந்தரவாகத் தெரியாது.

அப்புறம் காத்தாடிகள் பெரிதாகின, விலையும் ஏறியது. பெரிய முதலீட்டாளர்கள் கைக்குப் போனதும் அதே ஊர்களில் எதிர்ப்புக் கிளம்பியது. 2009இல் ஒரு சட்டம் வந்தது: புதிய காற்றாலை போட்டால் குறைந்தது 20 சதவீதப் பங்கை, நாலரை கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்களுக்கு முதலில் கொடுக்க முன்வரவேண்டும். 2020இல் அதை மாற்றி, அருகில் இருக்கும் வீடுகளுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை என்று ஆக்கிவிட்டார்கள். எனக்கு அந்தப் பழைய ஏற்பாடுதான் பிடிக்கும். கொடுக்கிற தொகையை வாங்கிக்கொள்பவனுக்குக் கேள்வி கேட்கிற உரிமை இல்லை, பங்குதாரனுக்கு உண்டு.

முதலீடு கொட்டுமே என்று எழுதியிருந்தாய். 2024 டிசம்பரில் வடகடலில் 3,000 மெகாவாட் காற்றாலை போட அரசு ஏலம் விட்டது. ஒருவர்கூட வரவில்லை! துறைமுகம், கைதேர்ந்த ஆட்கள், காற்று எல்லாம் இருந்தும் இந்தக் கதி. மானியம் கிடையாது, அரசுக்கு 20 சதவீதப் பங்கு வேறு. கட்டுமானச் செலவும் வட்டியும் ஏறியிருந்தன. இதற்கெல்லாம் மேலே இன்னொன்று இருக்கிறது. நல்ல காற்றடித்தால் எல்லாக் காத்தாடியும் ஒரே நேரத்தில் சுற்றும், சந்தையில் மின்சார விலை பூஜ்யத்துக்கும் கீழே போவதும் உண்டு. கடைசியில் அரசே மானியத்துடன் ஏலத்தைத் திருப்பி விட வேண்டியதாயிற்று.

நம் கயத்தாற்றில் தொடக்க காலத்தில் நின்ற காத்தாடிகளில் டென்மார்க் உதவியில் வந்தவையும் உண்டு, உனக்கு நினைவிருக்கும். இயந்திரம் வந்தது. பங்கு போடும் பழக்கம் கூடவே வரவில்லையே என்ற வருத்தம் எனக்கு எப்போதும் உண்டு. அதனால் சொல்கிறேன், நிலத்தை அப்படியே கிரயம் எழுதிக் கொடுத்துவிடாதே. குத்தகைக்குக் கேட்டுப் பார். வருட வாடகையோடு, உற்பத்தியாகிற யூனிட்டுக்கு இவ்வளவு என்று சேர்த்துக் கேள். பாதைக்கும் கேபிளுக்கும் எவ்வளவு இடம் போகும் என்று முதலிலேயே அளந்துகொள். காத்தாடியின் ஆயுள் முடிந்தால் கான்கிரீட் அடித்தளத்தை யார் பெயர்த்து எடுப்பது என்பதும் எழுத்தில் இருக்கட்டும். உலகிலேயே முதன்முதலாகக் கடலில் போட்ட விண்டபி காற்றாலை 1991இல் வந்தது. 2017இல் அதை முழுதாகப் பிரித்து எடுத்துவிட்டார்கள். உன் நிலத்திலும் அதுவே நடக்கவேண்டும்.

பக்கத்துப் புஞ்சைக்காரர்களிடமும் பேசு. தனித்தனியாகப் போனால் விலையை அவர்கள்தான் சொல்வார்கள். பத்திர நகல் கையில் வந்ததும் எனக்கு அனுப்பு, படித்துவிட்டுப் போன் பண்ணுகிறேன். அதுவரை கையெழுத்துப் போடாதே. மதினியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
கணபதி