பம்பை மறந்திடாதை, பிள்ளை

அன்பு மகளுக்கு,

முட்டுக்கு இழுக்கிற பம்ப் இப்ப முடிஞ்சிருக்கும். நீ ஐப்பசியில வாங்கினது. ஒண்டு சட்டைப் பொக்கற்றில, ஒண்டு கமராப் பையில வைச்சிரு. குளிருக்குள்ள முட்டு எப்பிடி வருமெண்டு உனக்குத் தெரியும்.

பெரியக்கா வீட்டில எல்லாரும் சுகம். காணி அலுவல் அப்பிடியே கிடக்கு.

நேற்று வால் ஆத்துப் பக்கம் நடந்தனான். இஞ்சை நைமேகனில அந்த ஆத்துக்குப் பாலம் வேணுமெண்டு பாடுபட்ட கமராக் கடைக்காரர் கேஸ் இவென்ஸின்ர மகன், டச்சுப் படக்காரர் யோரிஸைப் பற்றி நீ முந்திச் சொல்லேக்கை நான் காது குடுக்கேல்லை. இப்ப அவரைப் பற்றின புத்தகத்தை நூலகத்தில எடுத்து, அகராதியோட வாசிக்கிறன். 13 வயதில வீட்டாரையே நடிக்க வைச்சுப் படம் எடுத்திருக்கிறார். தேப்பன் அவரை றொட்டர்டாமில பொருளாதாரமும் பெர்லினில கமராத் தொழிலும் படிப்பிச்சது கடையைக் குடுக்கத்தான். அவர் 1928இல றொட்டர்டாமில மேல எழும்பி இறங்கிற ரயில் பாலத்தைப் படமெடுத்தார். அடுத்த வருசம் ஆம்ஸ்டர்டாம் மழை. மழை எப்ப வருமெண்டு கமராவைக் கட்டிலுக்குப் பக்கத்தில வைச்சுப் படுத்தவராம். மாதக்கணக்கா எடுத்த அந்தப் படம் கால் மணித்தியாலமும் ஓடாது. உன்ர கட்டிலடியும் அப்பிடித்தான் கிடந்தது. நான் ஏசினனான்.

பாஸ்போட் கதையை வாசிக்கேக்கை நெஞ்சு பதறினது. அது இல்லாமல் வந்தவன் நான். 1945இல, இந்தோனேசியாவை விடமாட்டம் எண்ட டச்சு அரசாங்கத்தின்ர வேலையை அவர் உதறிப்போட்டார். அடுத்த வருசம் வந்த படத்தில, அவுஸ்திரேலியத் துறைமுகத்தில டச்சுக் கப்பலுக்குச் சாமான் ஏத்த மறுத்த தொழிலாளியளைக் காட்டினார். அதுக்குப் பிறகு பாஸ்போட்டுக்கு எத்தினை இழுபறி. 1985இல ஒரு டச்சு அமைச்சரே பாரிஸ் நகரத்துக்குப் போய் அவருக்கு விருது குடுத்தவர். தேப்பன் அதைப் பாக்க உயிரோட இல்லை.

நீயும் நிண்டு பிடிக்கிறாய். மரக்கறிக் கடைக்காரருக்கும் உன்ர படத்தைப் பற்றிச் சொல்லிப்போட்டன். ஆனா ஒரு போன் எடுக்க உனக்கு நேரமில்லை.

யோரிஸுக்கும் முட்டு இருந்தது, பிள்ளை. தொண்ணூறை நெருங்கிற வயதில, அந்த நெஞ்சோட சீனாவுக்குப் போய் காத்தைப் படமெடுத்தவர். நீ அப்பிடி ஒண்டும் செய்யாதை. பம்ப் ரெண்டு வைச்சிரு.

கார்த்திகையில உன்ர படம் காட்டேக்கை கடைசி ரயில் எண்டு சொல்லிப்போட்டு எழும்பி வந்தனானெல்லே. அது கடைசி ரயில் இல்லை. கொம்மா அடுப்படியில நிண்டு இருமிற இடம் வந்தது. அந்தச் சத்தம் எனக்கு ஒவ்வொரு இரவும் கேட்டது. விடிய வேலை எண்டு போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்தனான். நீ பக்கத்தில நிண்டிருக்கிறாய். நான் ஒருநாளும் எழும்பிப் போய், என்ன செய்யுது எண்டு கேக்கேல்லை. அப்பவே டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம்.

படத்தை முழுசாப் பாக்க வேணும். அடுத்தது எங்கை காட்டுகினம் எண்டு எழுது.

உன்ர லாச்சியில பழைய பம்ப் ஒண்டு கிடந்தது. திகதி முடிஞ்சுபோச்சு. அனுப்பேல்லை. புதுசு வாங்கு.

அப்பா