கல்லை எடுக்கும் முன் ஒரு படம் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் 22 வருடம் டிப்பர் லாரி ஓட்டியவன் நான்.

வெடி வைத்துச் சரித்த கல்லை அள்ளும்போது, கிடாக் கொம்பு மாதிரி சுருண்ட கல் அடிக்கடி கிடைக்கும். பல கோடி வருடங்களுக்கு முன் கடலில் வாழ்ந்த ஒரு பிராணியின் ஓடு கல்லாகிப்போனது அது. அம்மோனைட் என்று அதற்குப் பெயர். பெரும்பாலும் கிரஷருக்குத்தான் போகும். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒன்று முழுசாகக் கிடைக்கவே, துண்டில் சுற்றிக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தேன்.

பல வருடம் கழித்து நிலவியல் மாணவர்களோடு வந்த ஆசிரியர் ஒருவர் அதை மடியில் வைத்துப் பார்த்தார். மேலே கொடி படர்ந்ததுபோல் நெளிநெளியாகக் கோடுகள் இருக்கும். ஓட்டுக்குள் உள்ள அறைகளின் தடுப்புச்சுவர்கள் ஓட்டைத் தொடும் இடங்கள் அவை என்றார். கணவாய்க்கு உறவான அந்தப் பிராணி கடைசி அறையில் மட்டும் குடியிருக்குமாம். மற்ற அறைகளில் காற்றை வைத்து மிதக்குமாம். கோட்டின் நெளிவு இனத்துக்கு இனம் மாறும். எந்த அடுக்கில் எந்த இனம் என்று பார்த்தே பாறையின் வயதைச் சொல்லிவிடலாம்.

அப்புறம் கேட்டார்: “எந்தக் குழிங்க ஐயா? எத்தனை அடி ஆழம்?”

எனக்குத் தெரியவில்லை. அந்தக் குழியில் இப்போது தண்ணீர் நிற்கிறது. “அழகான கல்” என்று மட்டும் சொல்லித் திருப்பி வைத்தார். அது இன்னும் மனசை அறுக்கிறது.

1840களிலேயே இந்தப் பக்கத்துக் கல்லான கிளிஞ்சல்கள் லண்டன் வரை போய், எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்ற இயற்கை விஞ்ஞானி அவற்றை ஆராய்ந்து எழுதினார். ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று நம் ஊர்ப் பெயர்களையே பாறைத் தொகுதிகளுக்கு வைத்திருக்கிறார்கள். கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் டைனோசருக்கு 1987-இல் புருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். அதன் எலும்புகள் உதிர்ந்துபோய், இன்று மிஞ்சியிருப்பவை படங்கள்தான். சாத்தனூர்க் கல்மரத்தைப் பாருங்கள். கடலில் வந்து புதைந்த மரம், 18 மீட்டர் நீளம், 1940-இல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தார். அதைப் பெயர்க்காமல் கிடந்த இடத்திலேயே விட்டதால், சுற்றியுள்ள பாறையோடு சேர்த்து இன்றும் படிக்க முடிகிறது.

ஓட்டுநர், கிளீனர் தம்பிகளே, ஏர் ஓட்டும் விவசாயிகளே! கல்லைத் தொடுமுன் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்து, போனில் இருப்பிடத்தைப் போட்டு ஒரு படம் எடுங்கள். குழி, ஆழம், தேதி எழுதி வையுங்கள். சுரங்க நிர்வாகங்களும், வெடி வைத்த பிறகு அள்ளுவதற்கு முன், நிலவியல் மாணவர்களை அரை நாளாவது உள்ளே விட வேண்டும். அதைக் குத்தகை நிபந்தனையிலேயே அரசு சேர்த்தால் ரொம்ப நல்லது.

என் கல்லை வாரணவாசி அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். கூட வைக்க ஓர் அட்டையும் எழுதிவிட்டேன். ‘கிடைத்த இடம்’ என்ற வரி மட்டும் காலியாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர்,
அரியலூர் மாவட்டம்.