பிரவுன் ஏலில் இரண்டு கசப்பு

சியாட்டில்
அக்டோபர்

மாப்பிள்ளை,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்கு விடச் சொல். "இப்போ நல்லாத் தெரியுதே" என்று பாதியில் நிறுத்திவிடுவார்கள், அவர்களை எனக்குத் தெரியும். நீ வங்கி வேலையை முடித்துக்கொண்டு பெங்களூரில் மகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே குடிபோனதும் நல்ல முடிவு. மதுரை வெயிலை விட்டுவிட்டு எப்படி இருக்கப்போகிறாய் என்று நினைத்தேன். கடிதத்தைப் பார்த்தால் நன்றாகவே இருக்கிறாய்!

மாமனாரை பீர் குடிக்கக் கூட்டிப்போகும் மருமகன் உனக்கு வாய்த்திருக்கிறான். நம் காலத்தில் மாமனார் எதிரே கால்மேல் கால் போட்டு உட்கார முடியுமா? அவன் வாங்கிக்கொடுத்த பிரவுன் ஏல் என்ற பழுப்பு பீரைப் பற்றி, "கசந்தது, ஆனால் கருகின கசப்பா வேறு கசப்பா என்று பிடிபடவில்லை" என்று ஒரு வரி எழுதியிருந்தாய். மற்றதெல்லாம் சரி, இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீ தொட்டது சரியான இடம். அமெரிக்க பாணி பிரவுன் ஏலின் வித்தை முழுக்க அதில்தான் இருக்கிறது. அதில் இரண்டு கசப்பு உண்டு. ஒன்று, கருக்க வறுத்த பார்லியிலிருந்து வருவது. இன்னொன்று, பீருக்குக் கசப்பும் மணமும் கொடுக்கப் போடும் ஹாப்ஸ் என்ற கொடியின் பூவிலிருந்து வருவது. வறுவலின் கசப்பு குடித்து முடித்தபின் நாக்கை வறளவைக்கும், கொஞ்சம் துவர்க்கும். ஹாப்ஸ் கசப்பு அப்படி இல்லை. கூர்மையாக வரும், வரும்போதே வாசனையையும் கூட்டிவரும். இரண்டும் அளவு தெரியாமல் சேர்ந்தால் சாம்பலைக் கரைத்துக் குடித்த மாதிரி ஆகிவிடும். நீ குடித்தது அந்த ரகமாக இருக்கலாம். அதற்காக இந்த ஜாதியையே ஒதுக்கிவிடாதே.

செப்டம்பரில் அந்த ஹாப்ஸ் விளையும் யாகிமாவுக்குப் போய்வந்தேன். இங்கிருந்து தென்கிழக்கே 225 கிலோமீட்டர்தான், ஆனால் ஸ்னோகுவால்மி கணவாயைத் தாண்டியதும் வேறு நாட்டுக்கு வந்துவிட்டாற்போல் இருக்கும். எங்கள் பக்கம் தூறலும் பாசியும் ஊசியிலை மரங்களும். அந்தப் பக்கம் காய்ந்து வெளுத்த மொட்டை மலைகள். மழையை மேற்கிலேயே கேஸ்கேட் மலைத்தொடர் பிடித்துக்கொள்வதால் அங்கே ஆண்டுக்குச் சுமார் 200 மில்லிமீட்டர்தான் பெய்கிறது. யாகிமா ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டித் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். கோடையில் நீண்ட பகல், காய்ந்த காற்று, வேண்டிய அளவு தண்ணீர். ஹாப்ஸ் கொடிக்கு இதுதான் சொர்க்கம். அமெரிக்காவில் விளையும் ஹாப்ஸில் ஏறக்குறைய முக்கால் பங்கு வாஷிங்டன் மாநிலத்தில் விளைகிறது, அதுவும் இந்தப் பள்ளத்தாக்கில்தான்.

தோட்டத்தைப் பார்த்தால் முதலில் வெற்றிலைக் கொடிக்கால் நினைவுக்கு வரும். ஆனால் உயரம் 18 அடி. கம்பம் நட்டு, மேலே கம்பி இழுத்து, அதிலிருந்து தரைக்குக் கயிறு கட்டி ஏற்றிவிடுகிறார்கள். அந்தக் கயிறு என்ன தெரியுமா? தென்னைநார். இலங்கையிலிருந்து கப்பலில் வருகிறது. தென்னையே இல்லாத ஊரில் எங்கே பார்த்தாலும் தென்னங்கயிறு தொங்குவதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அறுவடையின்போது கொடியைக் கயிறோடு சேர்த்தே அறுத்து லாரியில் போட்டுக்கொண்டு போய், இயந்திரத்தில் பூவை மட்டும் பிரித்து, 60 டிகிரி வெப்பத்தை ஒட்டிக் காயவைக்கிறார்கள். பறிக்கும்போது எடையில் 80 சதவீதம் தண்ணீராக இருக்கும் பூ, 10 சதவீதத்துக்கு வந்ததும் அழுத்திப் பொதியாகக் கட்டப்படுகிறது. வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பத்தினர். அறுவடை முடியும்வரை இரவு பகல் கிடையாது.

காயாத பூ ஒன்றைப் பிய்த்துப் பார்த்தேன். செதில்களுக்கு அடியில் மஞ்சள் பொடி இருக்கும், அதுதான் எல்லாம். விரலில் தேய்த்தால் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு பம்பளிமாஸ் தோல் வாசனை அடிக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவியும் சாயங்காலம் வரை போகவில்லை. நான் பார்த்த வயலில் இருந்தது கேஸ்கேட் ரகம். ஓரிகான் பக்கம் அரசாங்க ஆராய்ச்சியில் உருவாகி 1972இல் வெளிவந்தது. அதற்கு முன்பு ஐரோப்பிய ஹாப்ஸின் மெல்லிய மூலிகை வாசனையைத்தான் உயர்வு என்று நினைத்தார்கள். சியரா நெவாடா நிறுவனம் 1980இல் தன் பேல் ஏலில் கேஸ்கேடைத் தாராளமாகப் போட்ட பிறகு பம்பளிமாஸ் வாசனையே அமெரிக்க பீரின் அடையாளம் ஆகிவிட்டது.

பிரவுன் ஏலுக்கும் இதேதான் நடந்தது. அது பிறப்பால் இங்கிலாந்துச் சரக்கு. நியூகாஸில் பிரவுன் ஏல் 1927இலிருந்து இருக்கிறது. இனிப்பு, கொட்டைப் பருப்பின் மணம், ஓர் ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கும் கசப்பு, அவ்வளவுதான். அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுவதை மத்தியச் சட்டமே தடுத்திருந்தது. அதை நீக்கும் சட்டத்தில் ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்துப் போட்டார், அடுத்த பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அப்புறம் சும்மா இருப்பார்களா? கலிபோர்னியாவிலும் டெக்சஸிலும் கொல்லைப்புறத்தில் அடுப்பு வைத்தவர்கள் இங்கிலாந்து பிரவுன் ஏலை எடுத்து அதில் உள்ளூர் ஹாப்ஸைக் கை நிறைய அள்ளிப் போட்டார்கள். 1986இல் பீட் ஸ்லாஸ்பெர்க் தொடங்கிய பீட்ஸ் விக்கெட் ஏல்தான் அதை நாடு முழுக்கக் கொண்டுபோனது. தொண்ணூறுகளில் எந்தக் கடையிலும் இருக்கும். 2011இல் நிறுத்திவிட்டார்கள். இப்போது எங்கே போனாலும் ஐ.பி.ஏ.தான் (இந்தியா பேல் ஏல், ஹாப்ஸ் தூக்கலான ஜாதி). பத்துக் குழாய் இருந்தால் ஆறில் அதுவே ஓடுகிறது, பிரவுன் ஏல் ஒன்று இருந்தால் அதிர்ஷ்டம். எனக்கு இது அநியாயமாகப் படுகிறது. ஐ.பி.ஏ.வில் ஹாப்ஸ் தனியாகக் கச்சேரி செய்கிறது. பிரவுன் ஏலில் அதற்குப் பக்கவாத்தியம் உண்டு.

சரி, குடித்ததைச் சொல்கிறேன். யாகிமாவில் பீர் காய்ச்சும் ஒரு சின்ன ப்ரூவரி, பழக் கிடங்கு ஒன்றை மாற்றிக் கட்டியது. (அந்த ஊருக்கு இதில் பெருமை உண்டு. மதுவிலக்கு முடிந்தபின் அமெரிக்காவில் முதல் ப்ரூபப், அதாவது தானே பீர் காய்ச்சி விற்கும் பார், 1982இல் அங்கேதான் திறந்தது, திறந்தவர் பெர்ட் கிராண்ட்.) அவர்களுடைய பிரவுன் ஏலில் ஆல்கஹால் 6.4 சதவீதம், கசப்பு அளவு 45 ஐ.பி.யு. சாதாரண லாகர் பீரில் இந்த எண் பத்து, பதினைந்தைச் சுற்றி இருக்கும். வழக்கமான அமெரிக்க பிரவுன் ஏல் என்றால் இருபதிலிருந்து முப்பது. அதனால் இதை பிரவுன் ஐ.பி.ஏ. என்று சொல்லும் ஆட்களும் இருப்பார்கள். எந்தப் பெயர் வைத்தாலும் எனக்குச் சம்மதம்.

சில பாட்டில்கள் வாங்கிவந்து வீட்டில் நிதானமாகக் குடித்தேன். ஊற்றும்போது செம்பழுப்பு, விளக்குக்கு நேரே பிடித்தால் விளிம்பில் மாணிக்கச் சிவப்பு. நுரை வெள்ளை இல்லை, பழுப்பு கலந்த வெளிர்நிறம். இறங்க இறங்கக் கண்ணாடியில் வலை வலையாக ஒட்டிக்கொண்டு நின்றது. நல்ல ஹாப்ஸ் இருந்தால் நுரை அப்படி நிற்கும்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் குடித்த முதல் வாய் ஏமாற்றம்தான். கசப்பு மட்டுமே தெரிந்தது, உடம்பே இல்லாத மாதிரி. கிளாஸை அப்படியே வைத்துவிட்டு ஒரு கால் மணி நேரம் பேப்பர் படித்தேன். 10, 12 டிகிரிக்கு வந்த பிறகு அது வேறு பீர். முதலில் மூக்குக்கு வருவது பம்பளிமாஸும் பைன் பிசினும். அதற்கு அடியிலிருந்து மெதுவாக ரொட்டியின் கருகிய ஓரம், காய்ச்சின சர்க்கரைப் பாகு, கொஞ்சம் கோகோ. வாயில் வைத்ததும் இனிப்பு முன்னால் வருகிறது, ஆனால் உட்கார்ந்துவிடவில்லை. நடுவில் வறுத்த பருப்பு மாதிரி ஒரு சுவை. விழுங்கும் நேரத்தில் ஹாப்ஸ் வந்து அந்த இனிப்பைத் துடைத்துவிட்டுப் போகிறது. வறுவல் கசப்பு கடைசியில் ஒரு கோடு போல மட்டும் தெரிந்தது. நீ கேட்ட இரண்டு கசப்பையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டுமானால் அந்த இடத்தில்தான் பார்க்கலாம். முதலில் வந்து உடனே போவது ஹாப்ஸ், பின்னால் வந்து நாக்கில் தங்குவது வறுவல்.

குறையும் உண்டு. பாதிக் கிளாஸுக்கு மேல் சூடு ஏறினால் பாகு இனிப்பு தூக்கலாகிவிடுகிறது. இரண்டாவது கிளாஸ் நான் ஊற்றவில்லை.

அங்கே பீர் காய்ச்சும் பையனிடம் (பையன் என்கிறேன், நாற்பது வயது இருக்கும்) இதைக் கேட்டேன். கறுப்பு மால்ட்டின் (முளைகட்டிக் கருக்க வறுத்த பார்லி) துவர்ப்பு பெரும்பாலும் உமியிலிருந்து வருவதாம். அதனால் உமி நீக்கி வறுத்த மால்ட்டைக் கொஞ்சமாகச் சேர்க்கிறான். நிறம் கிடைக்கிறது, கரகரப்பு வருவதில்லை. ஹாப்ஸிலும் ஒரு கணக்கு வைத்திருக்கிறான். கொதிக்கத் தொடங்கும்போதே போட்டால் அதன் அமிலம் வெப்பத்தில் மாறிக் கசப்பாகக் கரையும், ஆனால் வாசனை எண்ணெயெல்லாம் ஆவியோடு போய்விடும். அதனால் முதலில் கொஞ்சம் போட்டுவிட்டு, மீதியை அடுப்பை அணைக்கும் நேரத்திலும், நொதித்து முடிந்த பிறகு ஆறின பீரிலும் போடுகிறான். கடைசியில் போடுவதிலிருந்து கசப்பு அதிகம் வருவதில்லை, மணம்தான் வரும். "வறுவல் ஏற்கனவே கசக்கிறது, நான் ஏன் இன்னும் கசக்கவைக்க வேண்டும், வாசனையைக் கொடுத்தால் போதாதா?" என்றான். உனக்கு பெங்களூரில் வந்ததில் இந்தக் கணக்குத்தான் தவறியிருக்கும் என்று என் ஊகம்.

கூடத் தின்ன என்ன என்று கேட்பாய். நான் மட்டன் சுக்கா செய்தேன். மிளகு தூக்கலாக, உனக்குப் பிடித்த மாதிரி. சரிவரவில்லை. இறைச்சியின் வறுபட்ட ஓரமும் பீரின் வறுவலும் அழகாகச் சேர்ந்தன, ஆனால் ஹாப்ஸும் ஆல்கஹாலும் காரத்தை ஏற்றிவிட்டன. பீரின் மணம் ஒன்றும் தெரியவில்லை, மூக்கு ஒழுகியதுதான் மிச்சம். மறுநாள் செடார் சீஸ் வைத்து ரொட்டியை வெண்ணெயில் வாட்டிச் சாப்பிட்டேன். அது பொருத்தம். வீட்டுக்காரி ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுக்கு நல்ல காபியே குடிக்கலாம்" என்று எழுந்துபோய்விட்டாள். அவள் தீர்ப்பையும் பதிவு செய்கிறேன்.

அதே பீர் மே மாதத்தில் வாங்கினது ஒன்று அலமாரிக்குப் பின்னால் கிடந்தது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்த்தேன். நிறம் அதே, நுரை அதே. பம்பளிமாஸ் சுத்தமாக இல்லை. கசப்பு மட்டும் மழுங்கிப்போய் உட்கார்ந்திருந்தது, பாகும் ஈர அட்டைப்பெட்டி மாதிரி ஒரு வாடையும் மேலே வந்துவிட்டன. ஹாப்ஸ் மணம் அவ்வளவு சீக்கிரம் போய்விடும். அதுவும் அறைச் சூட்டில் வைத்தால் இன்னும் வேகம். பழுப்புக் கண்ணாடி வெளிச்சத்தைத் தடுக்கும், சூட்டைத் தடுக்காது. இந்த ஜாதி பீரை வாங்கும்போது லேபிளில் அடைத்த தேதியை முதலில் பார்.

அதனால் டிசம்பரில் வரும்போது "அந்த யாகிமா பீர் ரெண்டு பாட்டில் எடுத்துட்டு வா" என்று நீ கேட்டாலும் கொண்டுவர மாட்டேன். சுங்கத்தில் இரண்டு லிட்டர் வரை விடுவார்கள், அது பிரச்சினை இல்லை. வாங்கி, பெட்டியில் கட்டி, நான் முதலில் சென்னையில் அண்ணன் வீட்டில் இருந்துவிட்டு உன்னிடம் வந்து சேர்வதற்குள் அது மே மாதத்து பாட்டிலின் கதியைத்தான் அடையும். அங்கேயே தொட்டியிலிருந்து நேரே குழாயில் வரும் இடங்கள் எத்தனையோ இருக்கின்றன. மருமகனிடம் விசாரிக்கச் சொல், யார் பிரவுன் ஏல் காய்ச்சுகிறார்கள், எந்த வாரம் புதிதாக இறக்குகிறார்கள் என்று. போய் உட்கார்ந்ததும் சில்லென்று கொடுப்பார்கள். வாங்கி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருப்போம், பேச நமக்கா விஷயம் இல்லை.

ஜனவரி 4 வரை இருக்கிறேன். பொங்கலுக்கு நிற்க முடியாது, அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. உன் சர்க்கரை எவ்வளவு என்று நீ எழுதவே இல்லை. டெஸ்ட் எடுத்துவிட்டு எண்ணோடு எழுது. ஒரு கிளாஸா அரைக் கிளாஸா என்று அப்புறம் முடிவு செய்யலாம்.

உன்,
பழைய ரூம்மேட்